செந்தமிழ்ச்செல்வி தமிழ் பேசாத முக்கால் மணி நேரம்

கச்சிராயபாளையத்துத் தெருநாய்கள் செந்தமிழ்ச்செல்வியைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும். கடிக்கும் எண்ணமே இல்லாமல் படுத்திருக்கிற நாயைப் பார்த்தும் அவள் போடுகிற கூச்சல் அப்படி. அவற்றுக்கும் மானம் மரியாதை இருக்கிறதல்லவா.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல அவளுக்குக் குரல் வராது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் பல நாள் வரவில்லை என்றே பதிவானவள். டவுன் பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்ததும் கண்டக்டரிடம் சொல்லப் பயந்து, வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து வருவாள். வழியில் நாய்கள் ஒதுங்கும்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தது பாவாடை என்ற அவளுடைய அப்பாவால். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். மகள் பிறந்தபோது கள்ளக்குறிச்சியில் ஒரு பொதுக்கூட்டம். மேடைக்குத் தூக்கிப்போய்க் குழந்தையை நீட்டினார். பிறமொழி கலவாமல் பேச வேண்டியதைப் பற்றி அதுவரை தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த பேச்சாளர், மைக்கை விட்டு நகராமலே பெயர் வைத்தார். அந்தப் பேச்சாளரின் பேரப்பிள்ளைகள் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். தாத்தாவோடு அவர்கள் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று விசாரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வீட்டில் செல்வி என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

செல்வி பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். அது வாய் திறக்காமலே படித்து முடிக்கக்கூடிய படிப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பொய்யில்லை. பிறகு நைனார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கில டீச்சர். அங்கே தாளாளர் ஜன்னலுக்கு வெளியே நின்று வகுப்பை ஒட்டுக் கேட்பார். அவருடைய வழுக்கைத் தலை ஜன்னலில் உதித்ததும் செல்வியின் குரல் அஸ்தமித்துவிடும். பிள்ளைகள் புரிந்துகொண்டு, அந்த நேரத்தில் தாங்களே பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். தாளாளர் திருப்தியாகப் போய்விடுவார். அந்தப் பிள்ளைகளின் தயவில் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஜன்னலைப் பார்த்தாலே வியர்க்க ஆரம்பித்ததால் வேலையை விட்டாள்.

அவளுடைய வாழ்க்கை திரும்பியதும் ஒரு பயத்தால்தான். கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேரப் போனவள், செல்போன் ரிப்பேர் கடைக்குப் பக்கத்து மாடிப்படி என்று சொன்னதற்கு, கடைக்கு மேலேயே ஏறுகிற படியில் ஏறிவிட்டாள். மேலே ஒரு ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்றார் சட்டையை டக் செய்திருந்த ஒருவர். தப்பான மாடிக்கு வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பயம். உட்கார்ந்துவிட்டாள்.

அது வெளிநாடு போய் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கான பயிற்சி வகுப்பு. டக் செய்திருந்தவர் தனசேகரன். லாவோஸ் நாட்டில் பல வருஷம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட்டு, சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பி, இந்த மையத்தை நடத்துகிறார்.

முதல் நாள் தனசேகரன் ஒரு வேலை செய்தார். கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் தமிழும் பேசவில்லை, ஆங்கிலமும் பேசவில்லை. ஒரு மணி நேரம் முழுக்க லாவோஸ் மொழி. "சபாய்தீ" என்று கும்பிட்டார். ஒவ்வொருவராகக் கை நீட்டி ஏதோ கேட்டார். யாருக்கும் ஒரு இழவும் புரியவில்லை. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பொறியியல் படித்துவிட்டுப் புல்லட்டில் வந்திறங்கும் சரத்குமார்கூடத் தன் முறை வந்தபோது எச்சில் விழுங்கினான். அந்நிய மொழி கற்க வருகிறவன் எப்படி நடுங்குவான் என்பது, கற்றுக்கொடுக்கப் போகிறவனுக்கு உடம்பில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பிற்பாடு விளக்கினார்.

செல்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓர் அறையில் எல்லோரும் அவளைப் போலவே பயந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்த ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இந்த வேலைக்குப் போனால் வாழ்நாள் முழுவதும் இப்படிப் பயந்தவர்களோடே இருக்கலாம். பயந்தவனை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். டைப்ரைட்டிங்கை மறந்தாள்.

பயிற்சியில் ஒரே ஒரு இரும்புச் சட்டம். வகுப்பு எடுக்கும்போது தாய்மொழியில் ஒரு சொல் வரக் கூடாது. பசி என்று சொல்ல வேண்டுமென்றால் வயிற்றைப் பிடித்துக் காட்டு, படம் வரை, உருளு, புரளு. தமிழ் வந்தால் தோல்வி. முக்கால் மணி நேரக் கடைசி வகுப்பை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால் லாவோஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இடம் இருந்தது. ஒரே இடம்.

செல்வி முதல் தடவை தோற்றுவிட்டாள். பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஒரு பல்லி தோளில் விழுந்தது. "அய்யோ!" என்றாள்.

"அய்யோங்கறது தமிழா சார்? அது ஒரு சத்தம்தானே?" என்று அவளுக்காகச் சிலர் வாதாடிப் பார்த்தார்கள். சரத்குமார்தான் எழுந்து, "எமதர்மன் பொண்டாட்டி பேரு சார் அது. சுத்தத் தமிழு" என்று முடித்துவைத்தான். அந்த லாவோஸ் இடத்துக்கு அவன்தான் அடுத்த ஆள். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆங்கிலத்தைப் புல்லட் மாதிரி ஓட்டுகிறவன். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. இடம் மட்டும் வேண்டும்.

இரண்டாவது தடவைதான் கடைசி என்றார் தனசேகரன். அதோடு இன்னொன்றும் சொன்னார். "டவுன் பசங்கள வெச்சுப் பாடம் நடத்தினா, நீ வாயத் தெறக்கறதுக்குள்ள அவனுங்களே பதில் சொல்லிடறானுங்க. இங்கிலீஷே தெரியாத ஆளுங்க வேணும். உங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க ஒரு ஆறு பேர உக்கார வெச்சிடும்மா. ஞாயித்துக்கிழம. எக்ஸாமினர் அங்கயே வரட்டும்."

சொந்த ஊர். சொந்தத் தெருப் பெண்கள். செல்விக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய அம்மா செவ்வந்தி இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். லாவோஸ் விஷயம் அவளுக்குத் தெரியும். "அது எங்க கீது? சிங்கப்பூருக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?" என்று ஒரு தடவை கேட்டாள். அந்தாண்ட என்றதும் பேச்சை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் சமைப்பாள், வேலைக்குப் போவாள், வருவாள், எல்லாம் பேசுவாள். எப்போது போகப் போகிறாய் என்பதை மட்டும் கேட்கவே மாட்டாள். அந்தக் கேள்வி கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, அந்தப் பக்கமே பார்க்காமல் நடமாடினாள். பயம் இந்தக் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

செல்வி கரும்புக் கொல்லை ஓரத்தில் ஒத்திகை பார்த்தாள். வீட்டில் பார்த்தால் அம்மா பயப்படுவாள் என்று. கரும்புக்கு முன்னால் நின்று கும்பிட்டு "குட் மார்னிங்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நெற்றியைத் துடைத்துத் தள்ளாடினாள். பாம்பைக் கண்டவள் போலக் கண்ணை விரித்துப் பின்வாங்கி நடுங்கினாள். பிறகு சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து.

தண்ணீர் பாய்ச்ச வந்த லட்சுமியம்மாள் இதை வாய்க்கால் மேட்டிலிருந்து முழுசாகப் பார்த்தாள். லட்சுமியம்மாள் மகளிர் குழுத் தலைவி. பார்த்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"செவ்வந்தி, உம் பொண்ணு கொல்லையில தனியா பேசிகினு நிக்குதுடி. சிரிக்குது, நடுங்குது, வயித்தப் புடிச்சுக்குது. உச்சி வெயில் நேரம் வேற."

"பாடம் படிக்கறாக்கா."

"பாடம் படிக்கறவ கரும்பப் பாத்துக் கும்புடுவாளா?"

அன்று சாயந்தரமே செல்வியின் கையில் ஒரு கறுப்புக் கயிறு ஏறியது. "பயந்த கோளாறு" என்றாள் செவ்வந்தி. அந்த ஊரில் அது ஒரு நோய். காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி அதற்கு மந்திரிப்பு உண்டு. செல்வி மறுக்கவில்லை. நோயின் பெயர் சரிதானே.

ஞாயிற்றுக்கிழமை. மகளிர் குழுக் கட்டடம். மலைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்கப்புறம் கல்வராயன் மலை, பாதி மேகத்துக்குள். தேர்வாளர் ரோசலின் பிலிப்பைன்ஸ்காரர். பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சின்ன உருவம், பெரிய பை. அவர் சிரித்தால் செல்விக்குப் பயமாக இருந்தது. சிரிக்காதபோது இன்னும் பயமாக இருந்தது. பின்வரிசையில் அவர், பக்கத்தில் தனசேகரன், கதவோரம் வேடிக்கை பார்க்க சரத்குமார்.

ஆறு பேர் வர வேண்டும். லட்சுமியம்மாளோடு சேர்த்து ஐந்து பேர்தான் வந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். தனசேகரன் அந்த ஐந்து பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். "டீச்சர் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க. தமிழ்ல பேச மாட்டாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க." ஐந்து தலைகளும் ஆடின. போண்டா எப்போது என்று ஒரு தலை கேட்டது.

ஆறாவது ஆளுக்கு என்ன செய்வது என்று அவர் வாசலைப் பார்த்தபோது, கையில் டிபன் தூக்கோடு ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா, நீங்களும் ஒக்காருங்க" என்று கூட்டிவந்து உட்கார வைத்தார். காலையில் சாப்பிடாமல் வந்த மகளுக்குச் சோறு கொண்டுவந்த செவ்வந்தி அது. அவருக்குத் தெரியாது. தெரிந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே தவிரச் சொல்லவில்லை. தமிழ் பேச மாட்டாங்க என்ற சட்டத்தைச் செவ்வந்தியிடம் மறுபடி சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

செல்வி கரும்பலகையிலிருந்து திரும்பினாள். முதல் வரிசையில் அம்மா.

ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். அங்கே சரத்குமார். ஜன்னலைப் பார்த்தாள். கம்பி. மேலே பார்த்தாள். பல்லி எதுவும் இல்லை. "குட் மார்னிங்" என்றாள். குரல் வந்துவிட்டது. எங்கிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை.

பாடம் உணர்ச்சிகளைப் பற்றியது. வயிற்றைப் பிடித்தாள். "ஹங்ரி." "பசி!" என்றார்கள். தலையசைத்து, "ஹங்ரி" என்றாள். "அங்கிரி!" நெற்றியைத் துடைத்துத் தள்ளாடி, "டயர்ட்" என்றாள். வேலை செய்து அலுத்த உடம்பு அந்த ஆறு பேருக்கும் யாரும் விளக்க வேண்டாத விஷயம். "டயர்டு டயர்டு" என்று எல்லோரும் ஒரே மூச்சில் இடுப்பைப் பிடித்துக் காட்டினார்கள். ரோசலின் ஏதோ குறித்துக்கொண்டார். செவ்வந்தி மட்டும் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சொல் அஃப்ரெய்ட்.

திட்டப்படி தரையில் ஒரு பாம்பு இருப்பதாகப் பார்க்க வேண்டும். பின்வாங்க வேண்டும். நடுங்க வேண்டும். செல்வி தரையைப் பார்த்தாள். பின்வாங்கினாள். நடுங்க ஆரம்பித்தாள். ஆனால் நிறுத்த முடியவில்லை. தாளாளரின் வழுக்கைத் தலை, வருகைப் பதிவேடு, தாண்டிப் போன பஸ் நிறுத்தங்கள், அந்தாண்ட இருக்கிற லாவோஸ், பின்னால் ஒரு பேனா, முன்னால் அம்மாவின் முகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. பல் கிட்டியது. கண்ணில் நீர். "ஐ யாம் அஃப்ரெய்ட்" என்றாள். ஒத்திகையில் இவ்வளவு நன்றாக ஒருநாளும் வந்ததில்லை.

செவ்வந்தி எழுந்துவிட்டாள். "செல்வி. இன்னாடி ஆச்சு? ஏன் இப்பிடி நடுங்குற?"

செல்வி வாயைத் திறந்தாள். ஒண்ணுமில்லம்மா என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "ப்ளீஸ் சிட் டவுன்."

"இன்னா சொல்ற? தமிழ்ல சொல்லுடி."

"ப்ளீஸ். சிட் டவுன்." கையைத் தாழ்த்தி உட்காரச் சொல்லிக் காட்டினாள்.

"நான் உங்க அம்மாடி. எங்கிட்ட தமிழ்ல பேசு."

செல்வி பார்வையைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செவ்வந்தியின் முகம் வெளிறிவிட்டது. பெற்ற தாயிடம், தாய் கேட்டும், பிறந்த பேச்சில் பதில் சொல்லாத பெண்ணுக்குள்ளே யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வந்தவர்கள் வேறு பாஷை பேசுவார்கள். கண்ணைப் பார்க்க மாட்டார்கள். நடுங்குவார்கள். எல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தது.

"கரும்புக் கொல்லையிலயே சொன்னனே, கேட்டியா?" என்று லட்சுமியம்மாள் எழுந்தாள். தமிழ் பேச மாட்டாங்க என்று தனசேகரன் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதான். ஆனால் பேய் என்று வந்துவிட்டால் சார் சொன்னதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துச் செவ்வந்தியிடம் கொடுத்தாள். இன்னொருத்தி மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று.

தனசேகரன் பாதி எழுந்து பாதியில் நின்றார். நடுவில் புகுந்து பேசினால் வகுப்பு செல்லாது. பேசாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ரோசலினின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. சரத்குமார் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டான். அந்தக் கட்டடத்தில் அந்த நிமிஷத்தில் பயப்படாதவர் ஒருவர்கூட இல்லை. முதல் நாள் மாடியில் இருந்த மாதிரியே.

செவ்வந்தி வேப்பிலையை உயர்த்தினாள். அவள் குரல் மாறியிருந்தது. இது மகளிடம் பேசுகிற குரல் இல்லை.

"யாரு நீ? உம் பேரு இன்னா?"

செல்வி அம்மாவைப் பார்த்தாள். வேப்பிலையும் நடுங்கிக்கொண்டிருந்தது. தன்னைவிட அதிகமாக நடுங்குகிற ஒருத்தி எதிரில் நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பயந்தவளை என்ன செய்ய வேண்டும்? கத்தக் கூடாது. கிட்டப் போகக் கூடாது. மெதுவாகப் பேச வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நெஞ்சில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள். "மை நேம் இஸ் செல்வி."

"பேரு சொல்லிருச்சு!" என்றாள் லட்சுமியம்மாள். "நேம்முன்னா பேருதான். எந்தச் செல்வின்னு கேளு. கோமுகி டேம்ல வுழுந்துச்சே, அந்தச் செல்வியான்னு கேளு!"

"எங்கருந்து வர்ற? எந்த ஊரு?"

செல்வி தரையைக் காட்டினாள், ஜன்னல் வழியே தெருவைக் காட்டினாள். "ஐ யாம் ஃப்ரம் கச்சிராயபாளையம்."

"உள்ளூராம்!" என்றது விளக்குமாறு வைத்திருந்த குரல், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இன்னா வேணும் உனுக்கு?"

செல்வியின் தொண்டை வறண்டிருந்தது. குடிப்பது போலக் காட்டினாள். "ஐ வாண்ட் வாட்டர்."

"தண்ணி கேக்குது, தண்ணி கேக்குது." சொம்பு வந்தது. குடித்தாள். "தேங்க் யூ" என்றாள்.

"பேயி தேங்க்ஸ் சொல்லுது பாருக்கா," என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். "நம்ம வூட்டு ஆம்பளைங்க ஒருநாளாவது சொல்லியிருக்கானுங்களா?"

யாருக்கோ சிரிப்பு வந்து அடங்கியது. அந்த இடைவெளியில் செல்விக்கு ஒன்று உறைத்தது. பெயர் என்ன, ஊர் எது, என்ன வேண்டும். தனசேகரன் மாடியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். பேயோட்டுகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். புதிதாக வந்தவனிடம் வேறென்ன கேட்பது.

அவள் கையை விரித்து லட்சுமியம்மாளைக் காட்டி, மெதுவாக, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள்.

லட்சுமியம்மாள் ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ, எம் பேரக் கேக்குதுடி. அதுகிட்டப் பேரச் சொல்லக் கூடாது. சொன்னா வூட்டுக்கே வந்துடும்." மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்வி அம்மா பக்கம் திரும்பினாள். "வாட் இஸ் யுவர் நேம்?"

செவ்வந்தி மகளின் முகத்துக்குள் தேடினாள். உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் சரி, வீட்டுக்கு வந்தால் வரட்டும். பிள்ளையும் அதோடு வரும்தானே. வேப்பிலை பிடித்த கையை நெஞ்சில் வைத்தாள், மகள் வைத்த மாதிரியே.

"மை நேமு… செவ்வந்தி."

"வேர் ஆர் யூ ஃப்ரம்?" செல்வி தரையைக் காட்டினாள்.

"ஃப்ரம் கச்சிராயபாளையம்." குரல் உடைந்தது. "இங்கதான். நான் எங்கயும் போவல."

லட்சுமியம்மாளுக்கு முறை தெரியும். பேர் கேட்டாயிற்று, ஊர் கேட்டாயிற்று, தண்ணீர் கொடுத்தாயிற்று. கடைசிக் கேள்விதான் பாக்கி. அதைக் கேட்டால்தான் காரியம் முடியும். "போறியா இல்லியான்னு கேளு செவ்வந்தி. எப்பப் போவேன்னு கேளு."

செவ்வந்தி வேப்பிலையைக் கீழே போட்டாள். "அத்த நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செல்வி மிச்சப் பாடத்தை முடித்தாள். எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பெயர் சொல்லப் பயந்தவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். லட்சுமியம்மாள் கடைசியாக, தன் பெயருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னாள். பேய் போவதானால் அங்கே போகட்டும் என்று.

நேரம் முடிந்ததென்று தனசேகரன் கை காட்டியதும் செல்வி சொன்ன முதல் தமிழ்ச் சொல் "அம்மா". ஓடி வந்து அம்மா காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "பேசிருச்சு, பேசிருச்சு" என்று ஆளாளுக்கு அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். போண்டா வந்தது.

கதவோரம் ரோசலின் தனசேகரனிடம் அந்த இலையைப் பற்றிக் கேட்டார். தனசேகரன் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக யோசித்ததில்லை. இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்கிறவர் கையில் இலை வைத்திருப்பது வழக்கம் என்றார். ரோசலின் தலையாட்டினார். தரையில் கிடந்த வேப்பிலை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செல்வியிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "எங்கள் கிராமத்தில் இதற்கு இலை கிடையாது. பயந்தவர்கள் நெற்றியில் எச்சிலைத் தொட்டு வைப்போம்." பிறகு சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு செல்விக்கு அவ்வளவு பயமாக இல்லை.

அவருடைய குறிப்பில் இருந்ததைத் தனசேகரன் பிறகு வாசித்துக் காட்டினார். கற்பவர்களே ஆசிரியரிடம் கேள்வி கேட்டார்கள். பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்ற உண்மையான தவிப்போடு கேட்டார்கள். இப்படி ஒரு வகுப்பை இதுவரை பார்த்ததில்லை. தேர்ச்சி. சரத்குமார் கை குலுக்கி, "காங்கிராட்ஸ். உங்க அம்மாவ எனக்கும் ஒரு கிளாஸுக்கு அனுப்பு" என்றான். அவனுக்கு வேறு நாட்டில் வேறு இடம் கிடைக்கத்தான் போகிறது. பயமில்லாதவனுக்கு எங்கே போனாலும் ஒன்றுதான்.

அன்று வீட்டில் செவ்வந்திக்கு எல்லாம் விளங்கச் சொல்லியாயிற்று. சட்டம், பரீட்சை, நடிப்பு. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பேய் கீய் ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

"நடுங்கினது?"

"அது நெஜந்தாம்மா. பயம் இருக்குது."

"அது இருக்கட்டும்" என்றாள் செவ்வந்தி. "அது நம்ம வூட்டுது." குழம்பை இறக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்ததைத் தானே போய்க் கூட்டிவந்தாள். "எப்பப் போற?"

செல்வி இப்போது லாவோஸில் இருக்கிறாள். அங்கேயும் தெருநாய்கள் ஒதுங்கிப் போகின்றன. அவளுடைய வகுப்பில் எந்தப் பிள்ளையும் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்க வேண்டாம். கையைத் தூக்கினால் போதும்.

சாயந்தரம் கச்சிராயபாளையத்துக்குப் போன் வரும். செவ்வந்தி எடுத்ததும் தமிழ் பேச மாட்டாள். தூர தேசம். அங்கே என்னென்ன சுற்றிக்கொண்டிருக்குமோ, யார் குரலில் யார் பேசுகிறார்களோ. முதலில் முறைப்படி விசாரித்துவிடுவாள்.

"வாட் இஸ் யுவர் நேமு?"

"மை நேம் இஸ் செல்வி."

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஐ யாம் ஃப்ரம் கச்சிராயபாளையம்."

அந்தப் பதில் சரியாக வந்த பிறகுதான், மூச்சை விட்டுக்கொண்டு, "சாப்டியாடி?" என்பாள்.